பம்ப்செட் கடையின் ஆண்டு இறுதிக் கணக்கு: கையில் உள்ள 2.5 லட்சத்தை எங்கே செலுத்துவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வணிகர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் பம்ப்செட், பி.வி.சி. குழாய், சொட்டுநீர்ப் பாசனப் பொருள்கள் விற்கும் கடை நடத்தி வருகிறேன். சரக்கு முழுவதும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. வாங்குபவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து விவசாயிகள், மீதிப் பேர் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக ஆனைமலை, கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வருபவர்கள்.

2025-26 நிதியாண்டின் விற்றுமுதல் ஏறத்தாழ 92 லட்சம் ரூபாயாக இருக்கும். அதில் 64 லட்சம் வங்கி வழியாகவும் 20 லட்சம் ரொக்கமாகவும் வந்துள்ளது. 8 லட்சம் விவசாயிகளிடம் கடன் நிலுவையாக நிற்கிறது. மாதம் 9,000 ரூபாய் வீட்டு வாடகையும் வருகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி, முழுக் கணக்கு எழுதாமல் விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தேச லாபமாகக் காட்டி வரித் தாக்கல் செய்து வருகிறேன்.

பம்ப் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு பில்கள் பாக்கி உள்ளன. செப்டம்பர் 10 தேதியிட்ட பில் 2,36,000 ரூபாய் (இதில் ஐ.ஜி.எஸ்.டி. 36,000), டிசம்பர் 28 தேதியிட்ட பில் 1,77,000 ரூபாய். அந்த நிறுவனம் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பெற்றது என்பதால், 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தத் தொகை முழுவதும் லாபத்தில் சேர்ந்து வரி விழும் என்று பக்கத்துக் கடைக்காரர் எச்சரிக்கிறார். வரி மிச்சமாகும் என்று சொல்லி 1.5 லட்சம் ரூபாய் பிரீமியத்தில் காப்பீட்டுப் பாலிசி எடுக்கும்படி முகவர் ஒருவரும் தினமும் வந்து போகிறார். மார்ச் முடிவதற்குள் என்னால் புரட்டக்கூடிய தொகை 2.5 லட்சம் மட்டுமே. எதற்கு முதலில் கொடுப்பது? ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி.யில், விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்துக்கு மாறலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பொள்ளாச்சி வரி ஆலோசகர்

ஐயா, முதலில் உங்கள் வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம், ஏனெனில் பாலிசிக்கான விடை அதிலேயே இருக்கிறது. 44ஏடி பிரிவில் வங்கி வழி வரவுக்கு 6 சதவீதமும் ரொக்க வரவுக்கு 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். நிலுவையில் உள்ள 8 லட்சத்தையும், வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வங்கி வழியாகவே வசூலித்துவிட்டால், அதற்கும் 6 சதவீதம்தான். ஆக 72 லட்சத்துக்கு 4,32,000, 20 லட்சத்துக்கு 1,60,000, மொத்தம் 5,92,000 ரூபாய். வாடகை 1,08,000 ரூபாயில் 30 சதவீதம் கழித்தால் 75,600. இரண்டும் சேர்ந்து 6,67,600 ரூபாய். உங்கள் உண்மையான லாபம் இதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலானதைத்தான் காட்ட வேண்டும். அப்படியே காட்டினாலும் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான இத்தகைய வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் வரி வராது. மார்ச் 15க்குள் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரியும் உங்களுக்கு இல்லை.

வரியே இல்லாத இடத்தில் பாலிசி எதை மிச்சப்படுத்தப் போகிறது? காப்பீட்டு பிரீமியத்துக்கான 80சி கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் இல்லை. குடும்பப் பாதுகாப்புக்குக் காப்பீடு தேவையென்றால், எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று நிதானமாகப் பார்த்து எந்த மாதத்திலும் எடுக்கலாம். மார்ச் மாத அவசரத்தில் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய 1.5 லட்சத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

45 நாள் விதி 43பி(எச்) பிரிவில் உள்ளது. எழுத்துவழி ஒப்பந்தம் இல்லையென்றால் அது 15 நாள்தான். ஆனால் 44ஏடி பிரிவு, 43பி(எச்) உள்ளிட்ட 28 முதல் 43சி வரையிலான பிரிவுகளை மீறி நிற்பது. உத்தேச லாபம் காட்டும் வரையில், தாமதமான பாக்கிக்காக உங்கள் வருமானத்தில் எதையும் சேர்க்க வழியில்லை. பக்கத்துக் கடைக்காரர் முழுக் கணக்கு எழுதித் தாக்கல் செய்பவராக இருந்தால் அவருக்கு அந்த அச்சம் நியாயமானதே.

உங்களைத் தொடப்போவது வேறொரு விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொண்ட தொகையை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. செப்டம்பர் 10 பில்லுக்கு அந்தக் கெடு மார்ச் 9ஆம் தேதி முடிகிறது. பிறகு பணம் கொடுத்து வரவை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். வட்டி திரும்பி வராது. ஆகவே 2.5 லட்சத்தில் 2,36,000 ரூபாயை மார்ச் 9க்கு முன் வங்கி வழியாக அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். டிசம்பர் பில்லுக்கு ஜூன் 26 வரை இந்தக் கெடு உண்டு.

பதில்: நகரி ஜவுளிக் கடைக்காரர்

காம்போசிஷன் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆந்திரத்தில் உள்ள எங்கள் நகரியும் எல்லை ஊர்தான். திருத்தணிப் பக்கத்திலிருந்து வருபவர்களை நம்பித்தான் எங்கள் கடைத்தெரு நடக்கிறது. காம்போசிஷனில் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும் என்பதும், உங்கள் விற்றுமுதல் 1.5 கோடி வரம்புக்குள் இருப்பதும் சரியே. ஆயினும் அத்திட்டத்தில் உள்ளவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. 2023 அக்டோபர் முதல், பதிவு பெறாதவருக்கு எழுதும் பில்லில் அவருடைய முகவரி இருந்தால், அந்த மாநிலத்துக்கு விற்றதாகவே கொள்ளப்படும். மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே போதும். முகவரியே இல்லையென்றால்தான் அது உங்கள் மாநிலத்து விற்பனை ஆகும். துணிக்கடையில் யாரும் முகவரி கேட்பதில்லை. பம்ப் வாங்கும் விவசாயிக்கு மானியத்துக்கும் உத்தரவாதத்துக்கும் தமது முகவரியோடு பில் தேவைப்படும். பாதி வாடிக்கையாளர்களை மறுத்துவிட்டு எந்தக் கடையை நடத்துவீர்கள்?

கொழிஞ்சாம்பாறை வணிகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செப்டம்பர் பில் தொகையை ஆர்.டி.ஜி.எஸ். வழியாக அனுப்பிவிட்டேன், காம்போசிஷன் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. டிசம்பர் பில்லுக்கு ஜூன் வரை காத்திருந்தால் வேறு சிக்கல் வருமா? ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டாரும் குழாயுமாக 2,20,000 ரூபாய்க்கு வாங்கும் ஒருவர், மூன்று நாள்களாகப் பிரித்து ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: பொள்ளாச்சி வரி ஆலோசகர்

வாங்கக் கூடாது. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 269எஸ்டி பிரிவு தடுக்கிறது. நாளைப் பிரித்தாலும் பில் ஒன்றுதான். பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். முழுத் தொகையையும் வங்கி வழியாகவே கேளுங்கள், லாபமும் 6 சதவீதக் கணக்கில் வரும்.

டிசம்பர் பில்லைப் பொறுத்தவரை வரியில் சிக்கல் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, மேலே சொன்ன 15 அல்லது 45 நாள் கெடு தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கேட்கும் உரிமை அந்தத் தயாரிப்பாளருக்கு உண்டு. கடன் நிலுவையான 8 லட்சத்தில் அறுவடைப் பணம் வரும் விவசாயிகளிடம் முதலில் வசூலித்து, ஏப்ரலிலேயே 1,77,000 ரூபாயையும் தீர்த்துவிடுங்கள். மார்ச் 31 மாலையில் கடைச் சரக்கு, ரொக்கக் கையிருப்பு, வர வேண்டியவை, தர வேண்டியவை ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வருமான வரித் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் இவை கேட்கப்படும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், மேலே சொன்ன வருமான வரிப் பிரிவு எண்கள் இந்த நிதியாண்டின் கணக்குக்கே உரியவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.