ஒரே வகுப்பில் இரண்டு வாத்தியார், சரிப்பட்டு வருமா?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் எடுக்கிறேன். அடுத்த செமஸ்டரில் சுற்றுச்சூழல் பேப்பரை நானும் வேதியியல் மேடமும் சேர்ந்து நடத்த வேண்டும் என்கிறார் முதல்வர். யூனிட் பிரித்துக்கொள்வது இல்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டுமாம். சிப்காட் தொழிற்பேட்டைக் கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்ல, அதன் செலவு யார் தலையில் விடிகிறது என்று நான் சொல்வது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேடம் எனக்கு நிறைய சீனியர். அவர் சொல்வது தப்பு என்று பட்டால் பிள்ளைகள் முன்னால் எப்படி வாயைத் திறப்பது? இன்டர்னல் 25 மார்க்கை யார் போடுவது? அப்புறம், வாரம் 16 மணி நேரம் நான் பாடம் எடுக்க வேண்டிய கணக்கில் இது முழு மணியா, அரை மணியா?

உப்பனாறு:
நாங்கள் ஐந்து யூனிட்டை மூன்று, இரண்டு என்று பிரித்துக்கொண்டு அதற்கு டீம் டீச்சிங் என்று பெயர் வைத்தோம். அவர் என்ன நடத்தினார் என்று நான் கேட்கவில்லை, நான் நடத்தியதை அவரும் கேட்கவில்லை. மாடல் எக்ஸாம் சமயத்தில்தான் தெரிந்தது, ஒரே தலைப்பை இரண்டு பேரும் நடத்தியிருக்கிறோம், கடைசி யூனிட்டில் பாதியை யாருமே தொடவில்லை. பிள்ளைகளுக்கு முன்பே தெரியும், வாயே திறக்கவில்லை!

வில்லியனூரான்:
புதுச்சேரியில் நான் வரலாறு. இயற்பியல் நண்பரும் நானும் கடலரிப்பை மட்டும் நாலு வகுப்பு சேர்ந்து எடுத்தோம். 1980களின் பிற்பாதியில் துறைமுக முகத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின், தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கேயே தேங்கியதையும், வடக்கே கரை கரைந்துகொண்டே போனதையும் அவர் போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டினால் தீர்ந்தது என்று முடித்தார். நான் விடவில்லை. வடக்கே இருக்கும் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, இங்கே புதுச்சேரி, எந்த அரசு எவ்வளவு காலத்துக்கு அந்தச் செலவைச் செய்யும் என்று கேட்டேன். அதற்குள் வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க கரைக்குக் கல்லு கொட்டினா அடுத்த குப்பத்துக்குத்தானே சார் போவுது?" என்றாள். இரண்டு பேரிடமும் உடனே பதில் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். தனியாக நடத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், நாங்கள் முட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. அதனால் மேடத்திடம் மாறுபடப் பயப்படாதீர்கள், "எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது மேடம்" என்றால் போதும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேர வகுப்புக்கு முன்னால் கேன்டீனில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது, அதை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. மூன்றாவது வகுப்பன்று அவரை நாக் (NAAC, கல்லூரித் தர மதிப்பீடு) வேலைக்கு இழுத்துவிட்டார்கள், அவர் போட்ட படத்தை வைத்துக்கொண்டு நான் திணறியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கெஸ்ட்லெக்சரர்:
சீனியரோடு சேர்த்துவிட்டால் அட்டெண்டன்ஸ், பேப்பர் திருத்துவது, புரொஜெக்டர் மாட்டுவது எல்லாம் எங்களுக்கு. பாடம் அவருக்கு. இதற்கும் டீம் என்றுதான் பெயர். கெடிலக்கரை சார், டைம்டேபிளில் இரண்டு பேர் பெயரும் முழு மணியாக வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):
எல்லோருக்கும் நன்றி. இன்று ஸ்டாஃப் ரூமில் மேடத்திடமே பேசிவிட்டேன். அவருக்கு என் பக்கம்தான் பயமாம், "நீங்க பேச ஆரம்பிச்சா பெல் அடிச்சாலும் நிறுத்த மாட்டீங்களே தம்பி" என்கிறார். வில்லியனூரான் சொன்ன மாதிரி பேப்பர் முழுக்க வேண்டாம், சிப்காட், கடற்கரை இரண்டுக்கும் மட்டும் ஆறு வகுப்பு சேர்ந்து நிற்கிறோம், மற்றதைப் பிரித்துக்கொண்டு ஒருவர் வகுப்பு நோட்டை மற்றவர் வாராவாரம் பார்க்கிறோம். அசைன்மென்ட்டை இருவரும் தனித்தனியாகத் திருத்துவோம், மார்க் ரொம்ப விலகினால் பேசிக்கொள்வோம். அவர் அசோசியேட் புரொஃபசர் என்பதால் அவர் கணக்கு 14 மணி, எனக்கு 16. முழு மணிதான் வேண்டும் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், திங்கட்கிழமை முதல்வரிடம் கொடுக்கிறோம்.