அவசரம்: ஆயிரத்துக்குள் நல்ல ஹெட்போன் சொல்லுங்க

கொடைக்காரன்: ஊர்க் கோயில் கொடை விழாவில் எடுத்த வில்லிசைப் பதிவை வெட்டிச் சரிபண்ணி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கணும். என் ஹெட்போன் போச்சு. ஜால்ராவும் உடுக்கையும் காதைக் கிழிக்குது, பாடுகிற புலவர் குரலும், தாளத்துக்கு அடிக்கிற குடமும் கிணற்றுக்குள்ளே கேட்குது. ஆயிரத்துக்குள் எது வாங்க? அட்டையில் ஓம், ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கானே, அது என்ன?

தாழையூத்தான்: ஒயரா, ப்ளூடூத்தா? எந்த போன்? வேறு பாட்டும் இப்படித்தான் கேட்குதா?

பாஸ் பிரியன்: குடம் கேட்கலைன்னா பாஸ் பத்தலை. 'எக்ஸ்ட்ரா பாஸ்' போட்டதா, 50 மி.மீ. டிரைவரா (உள்ளே சத்தம் எழுப்புற வட்டு) பார்த்து எடுங்க.

டெசிபல் அண்ணாச்சி: இதை நூறு தடவை எழுதியாச்சு, யாரும் படிக்கிறதில்லை. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று எல்லா அட்டையிலும்தான் இருக்கும். அதற்குள் எந்த இடத்தில் சத்தம் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லாத எண்ணால் பிரயோசனமில்லை. டிரைவர் அளவும் அப்படித்தான். ஓம் என்பது மின்தடை, சென்சிட்டிவிட்டி என்பது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது; போனில் நேராகச் செருக 16 அல்லது 32 ஓம், சென்சிட்டிவிட்டி 100 டெசிபல் பக்கம் இருந்தால் போதும். தம்பிக்குப் புரிகிற மாதிரி சொன்னால், குடத்தின் 'கும்' என்ற கனத்த சத்தம் பாஸ், புலவர் குரல் நடுவே உள்ள மிட், ஜால்ராவின் கீச்சு ட்ரெபிள். வெட்டி ஒட்டுகிற வேலைக்கு எக்ஸ்ட்ரா பாஸ் வாங்கினால் குடம் அதிகமாகத் தெரிந்து நீங்களே அதைக் குறைத்துவிடுவீர்கள், மற்றவன் காதில் அது வெறும் தகர டப்பா.

அம்பை மருமகன்: குடம் வெறும் பாஸா? எங்க மாமா அடிக்கிறவர். குடத்து வாயில் பத்தியால் (அடிக்கிற மட்டை) அறைந்தால்தான் 'கும்', உடம்பில் காசால் தட்டினால் 'டிங்'. அண்ணாச்சி குடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை போல.

டெசிபல் அண்ணாச்சி: நான் அலைவரிசையைச் சொல்கிறேன், நீர் மாமாவைச் சொல்கிறீர்.

பாஸ் பிரியன்: அப்போ 'கும்'முக்கு பாஸ் வேணும்தானே?

கொடைக்காரன்: ஒயர்தான். எல்லாப் பாட்டும் அப்படித்தான். பேசாமல் ப்ளூடூத் வாங்கிரவா?

தாழையூத்தான்: வேண்டாம், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், வெட்டுகிற இடம் பிசகும். போன் எதுன்னு கேட்டேனே.

பாளை ரிப்பேர்: வாங்குறதுக்கு முன்னால், ஒயரில் உள்ள மைக் பட்டனை அமுக்கிப் பிடிங்க. குரல் வருதா?

கொடைக்காரன்: ஆமா!! எப்படித் தெரியும்?

பாளை ரிப்பேர்: ஹெட்போன் பின் போன் ஓட்டைக்குள் முழுசா இறங்கலை. இரண்டு காதுக்கும் பொதுவான எர்த் கம்பி (மின்சாரம் திரும்புற வழி) சேராவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். நடுவில் இருக்கிற குரலும் குடமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கழிந்துபோகும், ஓரத்தில் இருந்த ஜால்ரா மிஞ்சும். பட்டனை அமுக்கினால் மைக் கம்பி வழியாக எர்த் சேர்ந்துவிடும், அதான் குரல் வந்தது. போன் கவரைக் கழற்றிவிட்டு அழுத்திச் செருகுங்க. ஓட்டைக்குள் பஞ்சும் அடைஞ்சிருக்கும், குச்சியால் மெதுவா எடுங்க, ஊசி வேண்டாம்.

கொடைக்காரன்: கவர்தான். குரல் வந்துட்டு. நன்றி பாளை அண்ணாச்சி.

தாழையூத்தான்: கடைசிவரைக்கும் போன் எதுன்னு சொல்லலை பார்த்தீங்களா.

அம்பை மருமகன்: எந்த ஊர்க் கொடை? குடம் யாரு?