மறுமொழி: ‘விரைவிணைப்பி’ வேணாம்ங்க, ரெண்டு சாமானுக்கு ஒரே பேரு ஆகாது

எல்லாருக்கும் வணக்கம். காத்துக் குழாய் மாட்டுற குவிக் கப்ளர், புஷ் ஃபிட்டிங் ரெண்டுக்கும் தமிழ்ப் பேரு வைக்கிறத பத்தி கேஎல் (கோலாலம்பூர்) அண்ணன் போன மடல்ல எழுதுனது:

> குவிக் கப்ளர், புஷ் ஃபிட்டிங் ரெண்டுமே சட்டுனு மாட்டி சட்டுனு கழட்டுறதுதானே, ரெண்டுக்கும் ‘விரைவிணைப்பி’னே வச்சிட்டுப் போவோம்.

அண்ணே, இதே வேலைய நானும் செஞ்சு என் மச்சான் கன்னத்துல ரெண்டு தையல் போட வச்சிட்டேன், அதான் இந்த மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்துல நானும் அவனும் ஒரு பழைய ஜப்பான் பஸ்ஸ வாங்கி மோட்டார்ஹோமா மாத்திக்கிட்டு இருக்கோம். பிரேக்கு, சஸ்பென்ஷன், மடக்குக் கதவு எல்லாமே காத்துலதான் ஓடுது. பெட்ரோல் ஸ்டேஷன்ல காடி (கார்) டயருக்கு 220 கேபிஏ அழுத்தத்துல காத்து அடிப்போம்ல, இந்த பஸ்ஸோட காத்து டேங்குல 800 கிட்ட நிக்கும், அதாவது 8 பார். மச்சானுக்கு இங்கிலீஷ் மேனுவல்னா அலர்ஜி, சரின்னு தமிழ்ல நாலு பக்கம் பராமரிப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதுல ஒரு வரி: ‘விரைவிணைப்பியைக் கழற்ற காற்றை இறக்கத் தேவையில்லை.’ நான் நெனச்சது டயருக்குக் காத்தடிக்கிற ஹோஸ் மாட்டுற குவிக் கப்ளர. அவன் கழட்டுனது கதவு சிலிண்டர்ல இருந்த புஷ் ஃபிட்டிங்க. குழாய கொஞ்சம் உள்ள தள்ளி, அந்த நீல வளையத்த நகத்தால அமுக்கிப் பிடிச்சான், படார்னு ஒரு சத்தம், 8 எம்எம் நைலான் குழாய் சாட்டை மாதிரி வீசுச்சு. கண்ணுக்கு ரெண்டு விரல் கீழ. அக்கா இன்னும் என்கூட சரியா பேசல.

தப்பு அவன் மேல இல்ல, சொல்லு மேல.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த பாருங்க. குவிக் கப்ளர்ல பெண் பக்கத்துல, அதாவது ஆண் பக்கத்த சொருகுற துண்டுல, ஸ்பிரிங் வச்ச ஒரு சின்ன வால்வு இருக்கு. மேல இருக்கிற வளையத்த பின்னால இழுத்தா ஆண் பக்கம் துள்ளி வெளிய வரும், அந்த நொடியே வால்வு தானா மூடிக்கும், ஹோஸ்ல மிச்சம் இருக்கிற காத்து மட்டும் புஸ்ஸுன்னு போகும், அவ்ளோதான். புஷ் ஃபிட்டிங்ல சாதாரணமா வால்வே கிடையாது. உள்ள ஒரு ரப்பர் வளையம், அதுக்கு முன்னால இரும்புப் பல்லு வச்ச ஒரு கவ்வு. குழாய சொருகுனா பல்லு கடிச்சுக்கும், காத்து வெளிய தள்ளத் தள்ள இன்னும் இறுக்கிக் கடிக்கும். கடிய விட வச்சீங்கன்னா தடுக்க அங்க ஒண்ணுமே இல்ல. ‘விரைவு’ங்கிற சொல்லு இதுல எதையாச்சும் சொல்லுதா? வேகமா மாட்டலாம்னு சொல்லுது, அது கடைக்காரன் பேச்சு, வண்டிக்கு அடியில படுத்திருக்கிறவனுக்கு அதால என்ன பிரயோஜனம்?

அதனால என் யோசனை, புஷ் ஃபிட்டிங்குக்கு ‘செருகுகவ்வி’. குவிக் கப்ளருக்கு, தொட்டாற்சுருங்கி மாதிரி, ‘விட்டால்மூடி’. சிரிக்காதீங்க, விட்டா மூடிக்குதுல்ல!

---

தம்பிக்கு வணக்கம். மச்சானுக்குக் காயம் ஆறியிருக்கும் என நம்புகிறேன். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார்ங்கிற முறையில ரெண்டு சொல்றேன். செருகுகவ்வி நல்ல வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு மாதிரி, நடுவுல ‘க்’ போட்டுடாதீங்க. ஆனா விட்டால்மூடிக்கு சந்தி பார்த்தா லகரம் னகரமாகி ‘விட்டான்மூடி’னு ஆகணும், கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆன மாதிரி.

---

ஐயா, விட்டான்மூடின்னு எழுதுனா எவனோ ஒருத்தன் மூடிய விட்டுட்டுப் போயிட்டான்னு மச்சான் தேடுவான். இந்த ஒண்ண மட்டும் விட்டுக்கொடுங்க ஐயா.

செருகுகவ்வி நின்னுச்சுன்னா குறிப்பு எழுதுறதும் சுலபமாயிடுது. கசிவு வந்தா முதல்ல கவ்வு கடிக்கிற இடத்தப் பாரு, குழாய கத்தியால கோணலா வெட்டியிருந்தா இல்ல முனையில கீறல் இருந்தா ரப்பர் வளையம் சரியா ஒக்காராது, கட்டர்ல நேரா வெட்டி மறுபடி சொருகு, அப்புறம் சோப்புத் தண்ணி தடவி நுரை வருதான்னு பாரு. கழட்டுறதுக்கு முன்னால அந்த லைன்ல காத்த சுத்தமா இறக்கு. ஏர் சஸ்பென்ஷன் லைன்னா பாடி கீழ இறங்கிடும், ஸ்டாண்டு போடாம அடியில போகாதே. பிரேக் லைன் பக்கம் நம்ம கைய வைக்கிறதில்ல, அதுக்கு மெக்கானிக் இருக்கார்.

இன்னொன்னு, திருகி மாட்டுறதுக்கு இருக்கிற சுத்து வரிக்கு ‘மரை’ங்கிற நல்ல சொல்ல விட்டுட்டு எல்லாரும் திரெட்டு திரெட்டுன்னு எழுதுறீங்க. எங்க பஸ்ல இருக்கிறது 55 பாகை மரை (வரியோட கோணம்), கால் இன்ச்சு சைசுல ஒரு இன்ச்சு நீளத்துக்கு 19 புரி, அதாவது 19 சுத்து. ஆன்லைன்ல மலிவா கெடைச்சுதுன்னு மச்சான் வாங்குன கப்ளர் அமெரிக்க மரை, 60 பாகை, 18 புரி. ரெண்டு மூணு சுத்து அழகா ஏறும், அப்புறம் முறுக்கும், டேப்பு எவ்ளோ சுத்துனாலும் கசியும். அரை இன்ச்சு சைசுல ரெண்டுமே 14 புரி, அங்க இன்னும் நல்லா ஏமாத்தும். பக்கத்து ஊரு பிறையில ஹார்ட்வேர் கடை தவுக்கே (முதலாளி) ஒரு பார்வை பாத்துட்டு ‘இது இங்க உள்ளது இல்ல’ன்னு தூக்கிப் போட்டார். மரைன்னு சொல்லி அவர்கிட்ட கேட்டா கெடைக்காதுன்னு தெரியும், ஆனா நம்ம குறிப்புல எழுதலாம்ல.

காலையில டேங்குக்கு அடியில இருக்கிற கம்பி வளையத்த இழுத்து, காத்து ஈரத்துல தேங்குன தண்ணிய வெளிய விடுறோமே, பினாங்கு ஈரத்துக்கு ஒரு நாள் தவறுனாலே சளசளன்னு கொட்டும், அந்த வளையமும் ‘வளையம்’, கப்ளர்ல பின்னால இழுக்கிறதும் ‘வளையம்’, செருகுகவ்வியில அமுக்குறதும் ‘வளையம்’, உள்ள இருக்கிற ரப்பரும் ‘வளையம்’. நாலுக்கும் நாலு பேரு வேணும். அமுக்குறதுக்கு மட்டும் ‘விடுவிளிம்பு’ன்னு ஒண்ணு தோணுச்சு, மத்த மூணையும் நீங்க சொல்லுங்க ஐயா.