கிளச் பிளேட் ஒட்டிக்கொண்டால்: ‘துருப்பற்று’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய வாகனப் பராமரிப்புச் சொற்பட்டியலில் ஒரு வரி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. நீண்டகாலம் ஓடாமல் நின்ற காரில் கிளச் பிளேட் (எஞ்சின் விசையைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு) பிளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) பிடித்துக்கொள்ளும் பழுதுக்கு ஒரு பெயர் வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபிறகு கொட்டிலில் கிடந்த மொரிஸ் மைனர், பீட்டில் எல்லாவற்றுக்கும் மதிப்பு வந்துவிட்டது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் மூடிவைத்தவையும் உண்டு. வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் நின்றாலே வார்ப்பிரும்புப் பிளைவீலில் துரு ஏறி, பிளேட்டின் உராய்வு லைனிங்கைக் கவ்விவிடும்.

என் முன்மொழிவு ‘துருப்பற்று’. பற்றவைத்தல், பற்றாசு என்று உலோகம் ஒட்டுவதற்கு ‘பற்று’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கிளச்சைக் கிளச் என்றே விடுவோம். தமிழகத்தில் ‘உரசிணைப்பி’ என்று எழுதுகிறார்கள்; கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் போய் அதைக் கேட்டால் ஒரு கடையிலும் பெட்டி திறக்காது.

* * *

> என் முன்மொழிவு ‘துருப்பற்று’.

ஐயா, சொல் அழகு. ஆனால் பழுதைப் பிரித்தறியாமல் பெயர் வைக்கக்கூடாது. கராஜில் “கிளச் எடுக்குதில்லை” என்றால் மூன்று பழுதில் எதுவாகவும் இருக்கலாம். பெடலின் விசை கிளச்சுக்குப் போய்ச் சேராதது ஒன்று. பிளேட் ஒட்டியது இன்னொன்று. மூன்றாவது, பிளேட் விட்டாலும் அதன் நடுக்குடம் கியர்பொக்ஸ் தண்டின் பல்லில் துருப்பிடித்து நகராமல் நிற்பது. மூன்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் சீலோடு முடியவேண்டிய வேலைக்குக் கியர்பொக்ஸை இறக்குவார்கள்.

சோதனை சுலபம். எஞ்சினை நிறுத்தி, சமதரையில் டொப் கியரில் போட்டு, ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க மற்றவர் காரைத் தள்ளவேண்டும். சில்லோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றினால் கிளச் விடவில்லை. அடுத்ததாக, கிளச்சுக்கு ஹைட்ரோலிக் (திரவ அழுத்த அமைப்பு) உள்ள காரில், கீழே கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பியைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது 10 முதல் 15 மில்லிமீற்றர் நகரவேண்டும். மூன்று நான்கு மில்லிமீற்றரோடு நின்றால் சீல் போயிருக்கிறது, அல்லது குழாயில் காற்று. பீட்டிலுக்குக் கேபிள், பெடலில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வெற்றசைவு இருக்கலாம், அதற்கு மேல் என்றால் கேபிளை இழுத்துக் கட்டவேண்டும். மைனரின் கிளச்சுக்கு ஹைட்ரோலிக்கே கிடையாது, கம்பி இணைப்புத்தான். அங்கே தேய்ந்த ஊசிகளைப் பார்க்கவேண்டும். கம்பி முழுதாக நகர்ந்தும் கிளச் விடவில்லை என்றால்தான் ஐயா சொல்லும் பழுதோ மூன்றாவதோ.

ஆகவே அறிகுறிக்கு ‘விடுபடாமை’, பிளேட் ஒட்டியதற்குத் தனிச்சொல், மூன்றாவதற்குத் ‘தவாளிப்பு இறுக்கம்’ (தண்டின் பல்லுக்கு இடையிலுள்ள பள்ளம்தான் தவாளிப்பு). வெறும் ‘இறுகல்’ வேண்டாம், அது எஞ்சின் சீஸ் ஆவதற்குப் போய்விட்டது.

* * *

துரு என்பதிலேயே எனக்குத் தடங்கல். எண்ணெய்க் கசிவில் பிசுபிசுத்து ஒட்டிய பிளேட்டும் உண்டு. காரணம் தெரியுமுன்பே காரணத்தைப் பெயரில் எழுதிவிடுகிறோம். என் எண்ணம் ‘தட்டொட்டு’: தட்டு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கத்திச் சொல்லவும் வரும்.

பெயரோடு செயலுக்கும் சொல் வேண்டும். ‘ஒட்டெடுத்தல்’ என்று பார்த்தேன், ஒட்டடை அடிப்பது போல ஒலிக்கிறது. ‘ஒட்டுக் கழற்றல்’ இன்னும் மோசம். கழற்று என்ற சொல் காதில் விழுந்தாலே பாஸ் ஸ்பானரை எடுத்துவிடுவார். ‘ஒட்டு விடுவிப்பு’ பரவாயில்லை, ஏனென்றால் இந்த வேலையின் முதற்பாதியில் எதையும் கழற்றுவதில்லை.

வெட்டவெளியில், நியூட்ரலில், எஞ்சினைப் பதினைந்து இருபது நிமிடம் சூடேற்றவேண்டும். மூடிய கராஜில் புகை ஆளைக் கொல்லும். நிறுத்தியதும் பெடலை அடிவரை அழுத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். சூடேறி ஆறும்போது சிலவேளை தானாகவே விட்டுவிடும்.

விடாவிட்டால், மறுபடி சூடேற்றி நிறுத்தி, டொப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு கால் பிரேக்கிலும் மறுகால் கிளச்சிலும் வைத்து, ஸ்டார்ட்டரை ஒரு வினாடி தட்டவேண்டும். ஏன் டொப் கியர் என்று பலர் கேட்பார்கள். முதல் கியரில் முறுக்கு பெருகி அச்சுத்தண்டுக்குப் போகிறது. மைனரின் பின் அச்சுத்தண்டு இந்த வேலையில் முறிந்துவிடும். டொப் கியரில் பெருக்கம் குறைவு, பிரேக்கின் பிடி ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவந்து தட்டில் விழுகிறது. முறிக்கவேண்டியது ஒட்டை, அச்சை அல்ல. நாலைந்து தட்டலுக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடேறும். காருக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக்கூடாது. பிரேக் சரியில்லாத காரில் இதைத் தொடவே வேண்டாம்.

கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் டீசலோ மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ அடிக்கச் சொல்பவர்கள் எங்கும் இருப்பார்கள். லைனிங் அதைக் குடித்துவிடும். ஒட்டு விடலாம், பிறகு ஏற்றத்தில் கிளச் வழுக்கும். பிளேட்டை மாற்றாமல் தீராது.

* * *

தம்பியின் ‘தட்டொட்டு’க்கு இணங்குகிறேன், ‘துருப்பற்று’ போகட்டும். கணக்குப் புத்தகத்துப் பற்று வரவும் குறுக்கே வராது. ஒட்டு விடுவிப்பில் இரண்டு சேர்க்கவேண்டும். அடியில் திறப்பு உள்ள காரில், பெடலை முட்டுக் கொடுத்தபடி, பிளைவீலுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகலாம். எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, வட்டம் முழுக்கச் செருகவேண்டும், ஒரே இடத்தில் நெம்பினால் லைனிங் பிய்யும். பீட்டில் என்றால் இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை, நாலு நட் போல்ட்டில் எஞ்சினே இறங்கிவிடும்.

எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்கினால் கிளச் கவரின் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். ஒரு பக்கமாகக் கழற்றினால் கவர் வளையும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். தூசைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பிளைவீலை 80 ஆம் இலக்க எமரியால் தேய்த்து, பிறகு 120. தவாளிப்புப் பல்லில் கிரீஸ் மெல்லிய பூச்சுப் போதும், மிஞ்சினால் தட்டுக்குத் தெறிக்கும்.

* * *

அப்படியானால் பதிவு இப்படி இருக்கட்டும்:

தட்டொட்டு: ஓடாமல் நின்ற வாகனத்தில் கிளச் தட்டு பிளைவீலோடோ, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடோ ஒட்டிக்கொள்ளல். விடுபடாமை, தவாளிப்பு இறுக்கம் காண்க. வினை: தட்டொட்டிப்போ. சீர்செய்தல்: ஒட்டு விடுவிப்பு.

நிறுத்திவைக்கும்போது பெடலுக்குக் கொடுக்கும் கட்டைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், ‘முட்டுக்கட்டை’ இருக்கிறது. சில டிராக்டர்களில் அதற்கென்றே கொக்கி வரும். ஹைட்ரோலிக் காரில் மட்டும் கட்டையை மாதக்கணக்கில் நம்பவேண்டாம். சீல் கசிந்தால் பெடல் கீழேயே இருக்கும், கிளச் பழையபடி பிடித்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, பெடலைப் பத்துத் தரம் மிதித்து விடுவது மேல்.