கரையில் கல் பொறுக்குவதற்கு ஒரு சொல்: வேட்டையா, தேடலா, கொழிப்பா?

களியக்காவிளை டீச்சர்:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள தமிழ்வழிப் பிள்ளைகளின் இயற்கைக் கழகத்துக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். மூன்றாம் பாடம் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் லைம் ரீஜிஸ் பற்றியது. மேரி ஆனிங் 1799இல் அங்கே பிறந்தவர், தச்சர் மகள். 1811இல் அவருடைய அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். அதன் மிச்ச உடலை மேரி கண்டெடுத்தது அடுத்த ஆண்டு. அது இக்தியோசார் என்னும் கடல் ஊர்வன. அன்று மேரிக்கு என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அதனாலேயே இந்தப் பாடத்தைச் சரியாகக் கொண்டுவர வேண்டும் என்று தவிக்கிறேன்.

பழங்கால உயிர்கள் கல்லாகிக் கிடப்பதைத் தேடி எடுப்பதை ஆங்கிலத்தில் ஃபாசில் ஹண்டிங் என்கிறார்கள். 'புதைபடிவ வேட்டை' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "டீச்சர், புதையல் எடுக்கவா போறோம்?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் போன வருடம் கேரளத்து வர்க்கலாக் கடற்கரையில் நடந்தது ஞாபகம் வந்தது. குன்றின் அடியில் கறுப்பாக ஓடும் பழுப்பு நிலக்கரிப் படுகையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் பின்னால் போய்க் குச்சியால் குடைந்திருக்கிறான். மேலேயிருந்து பலாப்பழம் அளவுக்கு ஒரு செங்கல்மண் கட்டி வந்து அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குடைவதற்கும் கொல்வதற்கும் தூண்டாத ஒரு சொல் வேண்டும். கரையில் கிடப்பதை மட்டும் குனிந்து எடுப்பது என்ற பொருள் அதில் இருக்க வேண்டும்.

பாலக்காட்டு ஐயா:

டீச்சருக்கு, வணக்கம்.

முதலில் 'புதைபடிவம்' என்பதையே நான் ஏற்கவில்லை. 'தொல்லுயிர் எச்சம்' என்று எழுதுங்கள். எச்சம் என்றால் எஞ்சியது. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்கிறது குறள். ஓர் உயிர் எப்படி வாழ்ந்தது என்பதை அது விட்டுச்சென்றதைக் கொண்டு அறிகிறோம். தொல்லுயிரியல் முழுவதற்கும் இதைவிடச் சிறந்த ஒற்றை வரி கிடையாது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயர் வைத்தார். வினையெச்சத்தை எண்ணிப் பாருங்கள். 'வந்து' என்று நிற்கும்போது சொல் முடிவதில்லை, வேறொரு வினைக்காகக் காத்திருக்கிறது. கல்லில் கிடக்கும் விலா எலும்பும் அப்படித்தான், முடிக்கும் வினைக்காகக் காத்திருக்கிறது. முடித்து வைப்பது ஆய்வாளர் வேலை.

ஆகவே 'எச்சநாடல்'. நாடு என்னும் வினை 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்னும் குறளால் எல்லார் வாயிலும் இருக்கிறது.

கொல்லத்து நிலவியல்காரர்:

ஐயா, வகுப்பறையில் 'எச்சம்' என்றால் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது காக்கை எச்சம். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பொருளிலும் ஒரு தொல்லுயிர்ச் சான்று உண்டு என்பது வேறு விஷயம். சாணம் கல்லானால் காப்ரோலைட். அப்படிப்பட்ட கற்களுக்குள் மீன் எலும்பும் செதிலும் இருப்பதை மேரி ஆனிங் கவனித்திருந்தார், நிலவியலாளர் பக்லாண்டு அதை விளக்கி எழுதினார். அதற்குத் தமிழ் தேடும் நாளில் எச்சம் நமக்குத் தேவைப்படும். இப்போதே செலவழித்துவிட வேண்டாம்.

ஃபாசில் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குத் தோண்டி எடுத்தது என்று பொருள். நாம் புதைந்தது என்கிறோம். அவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள், நாம் கீழிருந்து பார்க்கிறோம். மலையாளத்தில் ஜீவாஷ்மம், உயிர்க்கல். தெலுங்கில் சிலாஜம், கல்லில் பிறந்தது. இலங்கைப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரத்தை மக்கள் 'கல்மரம்' என்றே சொல்கிறார்கள். அந்த வழியில் போனால் 'கல்லுயிர்' என்றும் சொல்லலாம்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் இந்தச் சண்டை முடியாது. பாடநூலில் புதைபடிவம் என்று இருக்கிறது, அது இருக்கட்டும். சிக்கல் 'வேட்டை'யில்தான். லைம் ரீஜிஸ் பாறை சுமார் 20 கோடி ஆண்டுப் பழமையானது, களியும் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறி அடுக்கியது. குளிர்காலப் புயலில் குன்று சரிகிறது. அலை களியைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது, அம்மோனைட், பெலம்னைட் என்னும் பழங்காலக் கடலுயிர்களின் கல்லான மிச்சங்கள் கரையில் தங்குகின்றன. அங்கே போகிறவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, குன்றைத் தொடாதே, நீர் வற்றும் நேரத்தில் போய்க் கீழே கிடப்பதை எடு என்பதுதான். 1833இல் ஒரு சரிவு மேரியின் நாயை அவர் கண்ணெதிரே கொன்றது. உங்கள் மாணவனுக்கு அந்த ஒரு முழம் கிடைத்ததே பெரிய பாக்கியம் டீச்சர். வர்க்கலா குன்று தேசிய நிலவியல் சின்னம். அங்கே குடைவதும் கூடாது, கல்லை எடுத்து வருவதும் கூடாது. பார்க்க வைத்துக் கூட்டி வாருங்கள்.

என் பரிந்துரை 'புதைபடிவத் தேடல்'. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

தடாக்காரர்:

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

நான் வடக்கு எல்லையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. பழவேற்காடு எங்களுக்குப் பக்கம். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் அது. சின்ன வயதில் மழைக்குப் பிறகு நீலப்பூப் போட்ட பீங்கான் சில்லு கிடைக்கும். நகத்தளவு இருக்கும். ஓரம் அலையில் தேய்ந்து வழுவழுப்பாக, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஒரு தகர டப்பா நிறைய வைத்திருந்தேன். அது உயிருமில்லை, எச்சமுமில்லை, படிவமுமில்லை. உங்கள் சொல் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? கரையில் நடக்கும் பிள்ளை கல்லான சிப்பிக்கும் பழைய ஓட்டுக்கும் ஒரே மாதிரிதான் குனிகிறது.

'புதையல்' என்ற நினைப்பு வரவே கூடாது என்பதில் டீச்சரம்மா சொல்வது முழுக்கச் சரி. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இதையும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

என் சொல் 'கரைபொறுக்கல்'. எளிது, எல்லாருக்கும் தெரியும்.

பாலக்காட்டு ஐயா:

பொறுக்கல் என்றால் அதைச் செய்பவர் யார்? கரைபொறுக்கியா? மேரி ஆனிங்கை அப்படி எழுத உங்களுக்கு மனம் வருமா?

தடாக்காரர்:

வரும் ஐயா. பொறுக்கு என்றால் தெரிந்தெடு. பொறுக்கு விதை என்று உழவர்கள் இன்றும் சொல்கிறார்கள், நல்ல மணியாகப் பார்த்து ஒதுக்கியது. ஒரு நல்ல வினையைத் தெருச்சண்டையில் வசவாக்கிவிட்டோம் என்பதற்காக அதைக் கைவிடுவதா? மீட்டெடுக்க வேண்டியது இந்த மாதிரி மன்றத்தின் வேலை அல்லவா? 'பொறுக்குநர்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

நீரோடி அண்ணாச்சி:

எல்லாருக்கும் வணக்கம். நான் வள்ளக்காரர் வீட்டுப் பையன், இலக்கணம் அதிகம் தெரியாது. பொறுக்கு என்பதை எங்கள் பக்கத்தில் 'பெறக்கு' என்போம். மலையாளத்திலும் பெறுக்குதான். கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுத்து முடிந்ததும் மணலில் சிதறிய பொடிமீனைப் பிள்ளைகள் பெறக்குவார்கள், அதில் ஒரு வசவும் இல்லை. எல்லை தாண்டினால் வசவு கழன்றுவிடுகிறது.

இன்னொன்று. ஆனி ஆடியில் கடல் எங்கள் கரையைத் தின்னும். வீட்டுச் சுவர்வரைக்கும் வரும். பிறகு மெல்ல மண் வைக்கும். அந்த இடைவெளியில்தான் அடியில் கிடந்தது வெளியே தெரியும். பழைய நங்கூரக் கல், துருப்பிடித்த ஆணி, என்ன மீன் என்றே தெரியாத முள். "கடலு தேடிக் கொண்டாந்து போட்டிருக்கு, நீ பெறக்கிக்கோ" என்பாள் அம்மாச்சி. தேடுவது கடல், எடுப்பது நாம். நீங்கள் எல்லாரும் தேடலை மனுஷன் தலையில் வைக்கிறீர்கள்.

கரையில் அடைந்து கிடப்பது என்றும் சொல்வோம். மலையாளத்தில் கரைக்கடிஞ்ஞது என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டு ஐயா:

அண்ணாச்சி, உங்கள் அம்மாச்சி சொன்ன வாக்கியம் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அடைதலையும் அடியுதலையும் பற்றி: 'அடையல்' என்றால் வண்டல். இலங்கையில் படிவுப் பாறையை அடையற்பாறை என்று எழுதுகிறார்கள். மலையாள அடியுக இதோடு சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம். அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

தேடுவது கடல் என்றீர்களே, அதற்குத் தமிழில் ஒரு வினை முன்பே இருக்கிறது. நற்றிணை 15ஆம் பாட்டு 'முழங்கு திரை கொழீஇய மூரி எக்கர்' என்று தொடங்குகிறது. திரை கொழித்துக் குவித்த மணல்மேடு. கொழித்தல் என்றால் என்ன? முறத்தில் அரிசியைப் போட்டு என் தாயார் செய்ததை இன்றும் கண்ணில் காண்கிறேன். புடைத்தால் உமி பறக்கும். அது முதல் வேலை. பிறகு முறத்தைச் சற்றுச் சாய்த்து, இரண்டு கையாலும் மெல்ல இழுத்து இழுத்து விடுவார். முழு அரிசி ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம், மணல் நுனியில். எதையும் கையால் தொடமாட்டார். அந்த அசைவுதான் பிரிக்கும். அலையும் அதையே செய்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பு மணல் கோடு கோடாகத் தனித்துக் கிடக்கிறதே, கனமானது தங்கி லேசானது போனதால்தானே?

ஆகவே எச்சநாடலை நானே திரும்பப் பெறுகிறேன். சொல் 'கரைகொழிப்பு'. அலை கொழித்துத் தந்ததை எடுத்தல். கல்லுக்கும் ஓட்டுக்கும் சிப்பிக்கும் பொது. வேட்டையும் இல்லை, புதையலும் இல்லை, வசவும் இல்லை.

கொல்லத்து நிலவியல்காரர்:

அறிவியலாக நூற்றுக்கு நூறு சரி ஐயா. இல்மனைட், மோனசைட் என்னும் கனமான கனிமங்கள் அப்படித்தான் கரையில் சேர்கின்றன. லைம் ரீஜிஸில் களி போய்க் கல் தங்குவதும் இதே கணக்கு. ஆனால் இன்று 'கொழிப்பு' என்றால் செல்வக் கொழிப்பு. வீட்டில் முறம் இல்லாத பிள்ளைக்கு அந்தப் படம் வராது. அதோடு கொழிப்பது அலை என்றால் பிள்ளை செய்யும் வேலைக்குப் பெயர் எங்கே? ஒரே சொல்லில் இரண்டையும் ஏற்றினால் கலைச்சொல்லுக்கு வேண்டிய துல்லியம் போய்விடும்.

பாலக்காட்டு ஐயா:

பிள்ளைக்கு முறம் தெரியாது என்றால் முறத்தைக் காட்டுங்கள். இக்தியோசார் மட்டும் தெரிந்தா பிறந்தது?

தடாக்காரர்:

'கரைத்தேட்டம்' என்று ஒன்று தோன்றுகிறது. யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில் தேடிய தேட்டம் என்றால் கணவனோ மனைவியோ மணவாழ்க்கையில் தேடிச் சேர்த்த சொத்து. மேரி ஆனிங்கும் கண்டெடுத்ததை விற்றுத்தான் குடும்பம் நடத்தினார். சொன்னேன், அவ்வளவுதான். என் ஓட்டு இன்னும் கரைபொறுக்கலுக்கே.

களியக்காவிளை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முறம் வாங்கிப் போனேன். மணல், கூழாங்கல், உடைந்த சிப்பி மூன்றையும் கலந்து போட்டுக் கொழித்துக் காட்டினேன். எனக்குப் பழக்கம் இல்லை, பாதி தரையில் சிந்தியது. அப்போது இரயுமன்துறைக்காரப் பெண் ஒருத்தி எழுந்து வந்து முறத்தை வாங்கினாள். மூன்றே அசைவில் சிப்பி தனியாக வந்துவிட்டது. வகுப்பு கப்சிப்.

பிறகு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டேன். கரைபொறுக்கலுக்குப் பதினேழு கை, புதைபடிவத் தேடலுக்கு ஒன்பது, கரைகொழிப்புக்கு நான்கு. முறம் பிடித்த பெண் கை தூக்கியது பொறுக்கலுக்குத்தான். "அலைதான் கொழிக்கும், நாம பெறக்குவோம் டீச்சர்" என்றாள்.

எனவே பாடத் தலைப்பு 'கரைபொறுக்கல்'. செய்பவர் 'கரைபொறுக்குநர்'. பாடத்துக்குள் 'அலை கொழித்துத் தந்த' என்ற தொடரை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், ஐயாவுக்காக மட்டும் இல்லை, அது வேண்டியே இருந்தது. குன்றைத் தொடாதே என்ற வரி தடித்த எழுத்தில் போகிறது, புதையல் சட்டமும் சேர்ந்துவிட்டது. இன்று மாலை அனுப்பிவிடுகிறேன்.

கொல்லத்து நிலவியல்காரர்:

சம்மதம். ஒரு திருத்தம்: பாறையில் பதிந்திருப்பதை ஆய்வாளர் முறைப்படி எடுப்பதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு 'அகழ்வு' இருக்கிறது.

நீரோடி அண்ணாச்சி:

எனக்கும் சம்மதம். 'கரைபெறக்கு' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம் டீச்சர்.

பாலக்காட்டு ஐயா:

பெரும்பான்மையை மதிக்கிறேன். ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு ஒரு செய்தித்தாள் தலைப்பில் இடம் போதாமல் 'குநர்' விழுந்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்தீர்களா? நாலு கை தூக்கிய அந்தப் பிள்ளைகள் எந்த ஊர் என்று மட்டும் தெரிவியுங்கள் டீச்சர். அடியுதல் பற்றிய கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.