மாணவியின் புகார் காவல் நிலையத்துக்குப் போவதை யார் முடிவு செய்வது?

பொருநை (விவாதத்தைத் தொடங்கியவர்):

2024 டிசம்பர் 23 அன்று இரவு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை நாம் அனைவரும் அறிவோம். அந்த மாணவி மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குறைந்தது 30 ஆண்டுகள் அவர் வெளியே வர முடியாது. புகாருக்கும் தண்டனைக்கும் இடையே ஆறு மாதம்கூட ஆகவில்லை.

என் சித்தி மகள் ஒரு தனியார் கல்லூரியில் படித்தபோது, ஆய்வக உதவியாளர் ஒருவர் தன்னைத் தொட்டதாகத் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதம் பருவத் தேர்வு முடியும்வரை அவருடைய மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அவள் மீண்டும் போய்க் கேட்டபோது, கல்லூரியின் பெயர் கெட்டுவிடும், உன் பெயரும் கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ராகிங்குக்கு நம் சட்டம் இப்படி இடம் கொடுக்கவில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி, புகாரைக் கண்டுகொள்ளாத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளோ 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் புகார் பதிய வேண்டும் என்கின்றன. ராகிங்குக்கு உள்ள இந்தக் கட்டாயம் பாலியல் குற்றத்துக்கு ஏன் இல்லை? புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரியே காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முன்னாள் குழு உறுப்பினர்:

உங்கள் தங்கைக்கு நேர்ந்தது பெரிய அநீதி. அந்த இழுப்பறையை நானும் அறிவேன். நான் பேராசிரியர். ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், மாணவிகள் மொழியில் சொன்னால் விசாகா கமிட்டியில், ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டே உங்கள் தீர்வை மறுக்கிறேன்.

எங்களிடம் வந்த மாணவிகளில் பெரும்பாலோர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா, இதை நான் சொன்னால் நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்?" உங்கள் விதி நடைமுறையில் இருந்திருந்தால், காவல் துறையிடம் சொல்வேன் என்று பதில் சொல்லியிருப்பேன், அவர்களில் பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்து போயிருப்பார்கள். ஒரு மாணவிக்குத் தேவைப்பட்டதெல்லாம், தன்னைத் தொந்தரவு செய்த ஆசிரியர் தன் விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்பதும், தன் ஆய்வகப் பிரிவு மாற வேண்டும் என்பதும்தான். மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இவற்றை இடைக்கால நிவாரணமாகவே அனுமதிக்கின்றன. விசாரணை நடக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு மூன்று மாதம்வரை விடுப்பும் தர முடியும். இரண்டையும் அந்த வாரமே செய்து கொடுத்தோம். ஏழு மாதங்கள் கழித்து, படிப்பு முடியும் தறுவாயில், அவளாகவே காவல் நிலையத்துக்குப் போனாள். நான் கூடவே போனேன். முதல் நாளே நான் புகாரைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடியிருந்தால் அவள் எங்களை விட்டும் கல்லூரியை விட்டும் போயிருப்பாள் என்று உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் எடுத்துக்காட்டிய வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த மாணவியின் முதல் தகவல் அறிக்கை அடையாள விவரங்களோடு வெளியே கசிந்தது. அதில் இருந்த சொற்கள் பாதிக்கப்பட்டவரையே குறைகூறும் வகையில் இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது; 2024 டிசம்பர் 28 அன்று மூன்று பெண் இ.கா.ப. அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாக வழங்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது. தானாக முடிவெடுத்துப் போன பெண்ணுக்கே இந்த நிலை. விருப்பமில்லாமல் இழுத்துப் போகப்பட்டவளின் பெயர் கசிந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பேற்பது?

தஞ்சைத் தந்தை:

இருவரும் பெற்றோரை மறந்தே பேசுகிறீர்கள். என் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் குழுவுக்குத் தெரியும், முதல்வருக்குத் தெரியும், பணம் கட்டிப் படிக்க வைக்கும் எனக்கு மட்டும் தெரியக் கூடாதா? முதல் தொலைபேசி அழைப்பு வீட்டுக்குத்தான் வர வேண்டும். வளாகம் முழுக்கக் கேமராவும், மாலை ஆறரைக்கு விடுதிக் கதவை அடைப்பதும் பாதி ஆபத்தைத் தவிர்த்துவிடும்.

விடுதிவாசி:

ஐயா, நான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. உங்கள் கவலையைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கிண்டியில் அந்த மாணவி இருந்தது கல்லூரி மதிலுக்கு உள்ளே. குற்றம் செய்தவன் வெளியாள். அவன் எப்படி உள்ளே வந்து நடமாடினான் என்பது கேள்வியாக இருக்க, எங்களை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதுதான் எல்லா ஊர்க் கல்லூரிகளிலும் முதலில் பேசப்பட்டது. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதிக்கு மட்டும் விதிக்கக் கூடாது என்று அதே 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எங்கள் விடுதியில் ஆறரைக்குக் கதவடைத்த பிறகு நூலகத்துக்குப் போக முடியாது. ஆனால் நூலகத்திலிருந்து விடுதிக்கு வரும் பாதையில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை. விளக்கு கேட்டோம், கதவு கிடைத்தது.

வீட்டுக்கு அழைப்பதைப் பற்றி என் அறைத்தோழி சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அப்பா திட்ட மாட்டார், அழுவார். அடுத்த வாரம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்." எங்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். படிப்பு நின்றுவிடும் என்ற பயம் குற்றவாளி மீதுள்ள பயத்தைவிடப் பெரிது.

நீதிமன்றப் படிக்கட்டு:

வழக்குரைஞராகச் சில விவரங்கள். கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா நேரத்திலும் இல்லை. முதலாமாண்டில் சேரும் பலருக்கு வயது 17. 18 நிறைவடையாதவர் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. இதில் மாணவியின் சம்மதமோ குழுவின் கருத்தோ குறுக்கே வர முடியாது. பேராசிரியர் அம்மா, ஒரு பதினேழு வயது மாணவி வாய் திறப்பதற்கு முன்பே இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவள் சொன்ன பிறகு நீங்கள் இதைச் சொல்வது துரோகமாகத் தோன்றும்.

18 வயது நிறைந்தவர் விஷயத்தில் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம், அவர் விரும்பினால் காவல் துறையில் புகார் கொடுக்க உதவ வேண்டும் என்றே கூறுகிறது. அவர் எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. மின்னணு வழியில் தகவல் அனுப்பி, மூன்று நாளுக்குள் கையெழுத்திடவும் இப்போதைய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிந்தாக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

குழுவிடம் புகார் கொடுக்க மூன்று மாதக் கெடு உண்டு. காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். காவல் துறையில் பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு அந்தக் கெடு கிடையாது. 2023இல் சென்னைக் கலாக்ஷேத்ராவின் கல்லூரி மாணவர்கள் ஆசிரியர்களின் பாலியல் தொந்தரவுக்கு எதிராகப் போராடியபோது, கைதுக்கு வழிவகுத்த காவல் துறைப் புகாரைக் கொடுத்தவர் ஒரு முன்னாள் மாணவி. ஆனால் உடலில் உள்ள தடயம் காத்திருக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே வழக்கு வேண்டுமா என்ற முடிவைத் தள்ளிப்போடலாம், மருத்துவமனையைத் தள்ளிப்போடக் கூடாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து காவல் துறைக்குத் தகவல் போகும் என்பதையும் மாணவியிடம் மறைக்கக் கூடாது.

பொருநை:

பேராசிரியர் அம்மாவின் பதில் என்னை யோசிக்க வைத்தது. 18 வயது நிறைந்த மாணவியின் சம்மதம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் குழுவின் மீது எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கோவா பல்கலைக்கழகத் துறைத் தலைவர் ஒருவர் மீதான வழக்கைப் பாருங்கள். குழு அவசர அவசரமாக விசாரித்து, தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று கூறி, 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்தையே ரத்து செய்தது. பயிற்சியில்லாத குழு மெதுவாகப் போனாலும் கெடுக்கிறது, வேகமாகப் போனாலும் கெடுக்கிறது. இரண்டிலும் இழப்பவர் புகார் கொடுத்தவர்தான்.

எனவே என் கோரிக்கையை மாற்றுகிறேன். புகார் வாங்கிய அன்றே தேதியிட்ட ஒப்புகை கையில் தர வேண்டும். என் தங்கையிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் இழுப்பறை வேலை செய்திருக்காது. கல்லூரிகள் ஆண்டுதோறும், பெயரில்லாமல், எத்தனை புகார், எத்தனை முடிந்தன என்று வெளியிட வேண்டும். அமெரிக்காவில் 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் கொல்லப்பட்ட ஜீன் கிளெரியின் பெற்றோர் போராடி 1990இல் பெற்ற சட்டம் இதைத்தான் செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள் வளாகக் குற்ற எண்ணிக்கை வெளியாக வேண்டும். தவறியதற்காக 2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 1.4 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையில் மட்டும் சேர்க்க அங்கே வழி இருக்கிறது.

முன்னாள் குழு உறுப்பினர்:

ஒப்புகையை முழு மனதோடு ஏற்கிறேன். எண்ணிக்கை விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். நம் விதிமுறைகளும் ஆண்டறிக்கையில் வழக்குகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றன. அது மேலே போகிறது, மாணவிகளின் கண்ணில் படுவதில்லை. அதை வெளியிட்டால், "புகார் எதுவும் இல்லை" என்று போடும் கல்லூரியைப் பெற்றோர் பாதுகாப்பானது என்று நம்புவார்கள். என் அனுபவத்தில் புகாரே வராத ஆண்டுதான் எங்கள் குழு மோசமாக இயங்கிய ஆண்டு. தலைவர் மாறியிருந்தார், யாருக்கும் எங்கள் அறை தெரியவில்லை. நானூறு பேர் படிக்கும் கல்லூரியில் "ஒன்று" என்று எழுதினால் அந்த ஒருத்தி யாரென்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பல்கலைக்கழக அளவில் தொகுத்து வெளியிடலாம். அதற்கு முன், மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும் குழுவில், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்ற விதி எத்தனை கல்லூரிகளில் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். பல இடங்களில் முதல்வர் கைகாட்டியவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தஞ்சைத் தந்தை:

நேற்றிரவு மகளிடம் பேசினேன். உங்கள் கல்லூரிக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அலுவலகத்துக்கு எதிரே ஒரு பலகை இருக்கிறது, அதில் உள்ள தலைவர் சென்ற ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார் என்றாள். ஏதேனும் நடந்தால் என்னிடம் முதலில் சொல்வாயா என்றும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் படிப்பை நிறுத்த மாட்டேன் என்று சொன்னால் சொல்வேன் அப்பா" என்றாள். பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தச் செய்தியை எனக்குச் சொல்ல வேண்டியவர் முதல்வர் இல்லை என்பது புரிகிறது. அந்தப் பலகையைப் பற்றி யாருக்கு எழுத வேண்டும்?

நீதிமன்றப் படிக்கட்டு:

முதலில் முதல்வருக்கு, பதிவுத் தபாலில். நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நான் முன்பு சொன்ன 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அப்படி நியமிக்காத மாவட்டங்களில் 2024 டிசம்பர் 31க்குள் நியமிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழுவின் இப்போதைய உறுப்பினர் பட்டியல், வெளி உறுப்பினர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், மாணவப் பிரதிநிதிகளை எந்தத் தேதியில் தேர்ந்தெடுத்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கடிதத்தில் உங்கள் மகளின் பெயரை எழுதாதீர்கள்.