ஆன்டோரியா கிட்டார்: ஜப்பானில் எந்த ஆலையில் செய்தது?

ஆறுகம்பி (கேள்வி):
ஹெட்ஸ்டாக்கில் (கம்பி முறுக்கும் தலைப்பகுதியில்) ‘ஆன்டோரியா’ என்று பெயர் போட்ட, கிப்சனின் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்துச் செய்த கருப்பு நகல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நெக் (கழுத்து) பாடியோடு நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. பின்பக்கத் தகட்டில் ‘ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்’, ‘மேட் இன் ஜப்பான்’ என்பதைத் தவிர எதுவும் இல்லை, சீரியல் நம்பரும் கிடையாது. மேல் பலகையைத் தட்டினால் உள்ளே பொள்ளல் போலச் சத்தம் வருகிறது. விற்பவர் இதை ‘லாசூட் கிட்டார்’ (கிப்சன் வழக்கில் சிக்கிய நகல்) என்று சொல்லி விலையை ஏற்றிவைத்திருக்கிறார். எந்த ஆலை, எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பழையபிக்கப்:
அந்தத் தகடு இருந்தால் மாட்சுமோக்கு ஆலைதான். ஆரியா, எலெக்ட்ரா, யூனிவாக்ஸ் என்று எந்தப் பிராண்டைத் திருப்பினாலும் அதே எழுத்துதான் இருக்கும்.

மரமும்கம்பியும்:
தகட்டை மட்டும் வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மாட்சுமோக்கு கிட்டார்களில் அந்த வாசகம் அடிக்கடி வரும், சரி. ஆனால் அது ஆலையின் முத்திரை அல்ல. உள்ளே முடுக்கக்கூடிய ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’ என்று இருந்தால் அர்த்தமே வேறு: உள்ளே இரும்புச் சட்டம் மட்டும் இருக்கும், முடுக்க எதுவும் இருக்காது. வாங்குபவருக்கு ஆலையின் பெயரைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

ஆன்டோரியா எந்த ஆலையின் பெயரும் இல்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரின் ஜே.டி.காப்பக் என்ற இறக்குமதி நிறுவனம் ஒட்டிய பெயர் அது. 1950-களின் கடைசியில் இந்தப் பெயரில் போனவை டோக்கியோவின் குயாடோன் செய்தவை. ஃபெண்டர் கிட்டார் கைக்கு வருமுன் ‘தி ஷேடோஸ்’ குழுவின் ஹாங்க் மார்வின் வாசித்தது அப்படி ஒன்றுதான். 1970-களில் இதே பெயர் ஃபுஜிஜென் ஆலை செய்த கிட்டார்களில் வருகிறது. ஹோஷினோ நிறுவனத்துக்கு அதன் இபனெஸ் பிராண்டு கிட்டார்களைச் செய்துகொடுத்த அதே ஆலை. ஆக, ஒரே பெயருக்குப் பின்னால் குறைந்தது இரண்டு ஆலைகள். ஃபுஜிஜென், மாட்சுமோக்கு இரண்டுமே நாகானோ மாகாணத்து மாட்சுமோட்டோ ஊரைச் சேர்ந்தவை என்பதால் குழப்பம் கூடுகிறது. மாட்சுமோக்கு, சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்த கம்பெனி, 1987-ல் மூடிவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன பொள்ளல் சத்தம் நல்ல தடயம். அந்தக் காலத்து போல்ட்-ஆன் (நெக்கை ஸ்க்ரூவால் பூட்டிய) லெஸ் பால் நகல்களில் ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்து மேலே வைப்பார்கள், அதனடியில் காலி இடம் இருக்கும். இபனெஸ் 2350, 2351 மாடல்களும் அப்படித்தான். பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகத்தை) தூக்கிப் பார்த்தால் பலகையின் அடுக்குகள் விளிம்பில் தெரியும். ஹோஷினோவின் பழைய கேட்லாக் ஸ்கேன்களை எடுத்து, நெக் சேரும் இடத்தின் வடிவம், ட்ரஸ் ராட் மூடி, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தினால் ஃபுஜிஜென் என்று நம்பலாம். பிக்கப்பின் அடியில் மேக்ஸன் என்ற ஜப்பானிய பிராண்டின் முத்திரை இருந்தால் இன்னும் பலம்.

காலத்துக்கு வருவோம். ஃபுஜிஜென் செய்த இபனெஸில் 1975 கடைசியிலிருந்து ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் வரும். ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ‘எச்76’ என்றால் 1976 ஆகஸ்ட். நம்பரே இல்லாதது அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தகட்டை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

‘லாசூட்’ கதையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் 1977 ஜூனில் வழக்குப் போட்டது எல்ஜர் மீது, அதாவது ஹோஷினோவின் அமெரிக்கக் கிளை மீது. சண்டை ஹெட்ஸ்டாக்கின் வடிவத்தைப் பற்றியது. அதற்குள் இபனெஸ் அந்த வடிவத்தை மாற்றியும்விட்டது. ஆன்டோரியாவுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை.

பழையபிக்கப்:
சரி, தகட்டை வைத்து அவசரப்பட்டுவிட்டேன். நெக்கைக் கழற்றிப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

மரமும்கம்பியும்:
பென்சில் குறியோ முத்திரையோ சில சமயம் இருக்கும். முதலில் ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்திவிடுங்கள். சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஜப்பானிய ஸ்க்ரூக்களின் வெட்டு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு, ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் 2-ஆம் எண் முனை போதும். கழற்றும்போது நெக்குக்கும் பாடிக்கும் இடையில் மெல்லிய சில்லு இருந்தால் அது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துவையுங்கள், இல்லையென்றால் திரும்பப் பூட்டும்போது ஸ்ட்ரிங் உயரம் மாறிவிடும்.

கம்பிவேலை:
பிக்கப்பையும் சோதித்துவிட்டு வாங்குங்கள். இந்த ரக நகல்களில் ஹம்பக்கர் (இரண்டு காயில் உள்ள பிக்கப்) மூடிக்குள் ஒற்றைக் காயில் இருப்பது சகஜம். ஆம்பைக் குறைந்த ஒலியில் வைத்து, மூடியின் இரு பாதிகளையும் இரும்பு ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவு ‘டொக்’ வந்தால் இரண்டு காயில். நடுவில் மட்டும் பலமாகக் கேட்டால் ஒன்றுதான்.

வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி) கரகரத்தால் முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். அமெரிக்க சிடிஎஸ் பாட் நேரே பொருந்தாது: அதன் கழுத்து 9.5 மி.மீ., ஜப்பானியத் துளை பெரும்பாலும் 7 அல்லது 8 மி.மீ. துளையைப் பெரிதாக்கினால் பெயின்ட் சில்லுவிடும், கிட்டாரின் மதிப்பும் போகும். குமிழும் சேராது, சிடிஎஸ் தண்டில் 24 பற்கள், ஜப்பானியத்தில் 18. மெட்ரிக் பாட்டே வாங்குங்கள், பழையதைத் தூக்கிப்போடாமல் ஒரு கவரில் போட்டு கிட்டாரோடு வைத்திருங்கள்.